யூரர் கடமையும் வன்னிக் கமக்காரரும்

தை மாதத்தின் கடைசிக் கிழமை. நெடுங்கேணிப் பக்கத்துச் சிறு குளம் ஒன்றின் கீழே காலபோக நெல் முற்றித் தலை சாய்த்து நிற்கின்றது. வெட்டு இயந்திரம் இன்று அயல் வயலில் நிற்கின்றது. நாளை மறுநாள் தமது வரப்புக்கு வந்துவிடும் என்று ஒரு கமக்காரர் நாட் கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கின்றார். யானைக்கு வெடி கொளுத்தி இரவெல்லாம் காவற் கொட்டிலில் விழித்திருந்தமையாற் கண்கள் சிவந்திருக்கின்றன. அவ்வேளையிற் படலையடியிலே மோட்டார்ச் சைக்கிள் ஒன்று வந்து நிற்கின்றது. வந்தவர் நீதிமன்றத்து அலுவலர்.

“ஐயா, இதிலே ஒரு கையெழுத்து வையுங்கோ.”

“தம்பி, நான் ஒருவரோடும் வழக்கு வம்புக்குப் போனதில்லையே! எனக்கு என்னத்துக்கு நீதிமன்றக் கடதாசி?”

“நீங்கள் வழக்காளியும் அல்ல, எதிரியும் அல்ல ஐயா. யூரராய் இருந்து முடிவு சொல்ல வேண்டியவர்.”

அலுவலர் போய்விட்டார். கடதாசி கையில் இருக்கின்றது. வவுனியா மேல் நீதிமன்றத்துக்கு இன்ன நாளிற் காலையில் வந்து சேர வேண்டும்; வரத் தவறினால் தண்டம் என்று அதில் எழுதியிருக்கின்றது. அந்த நாளோ வெட்டு இயந்திரம் வரும் நாள்! முறை தவறினால் இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும். முற்றிய நெல் காத்திருக்காது, உதிர்ந்து போகும். ஒரு மழை வந்துவிட்டாலோ ஆறு மாத உழைப்பும் சேற்றிலே கிடக்கும்.

இக்கமக்காரருக்குப் பெயர் வேண்டியதில்லை. நீதிமன்ற அழைப்பு எதிர்பாராத நாளில் வந்த எந்த வீட்டிலும் அவரைக் காணலாம். கிளிநொச்சிச் சந்தையில் தனியாளாய்க் கடை நடத்துபவர் ஒரு நாள் பூட்டினால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போகும். முல்லைத்தீவுக் கடற்கரையிலே சோளகம் திரும்புமுன் நாலு நாள் உழைத்துக் கொள்ள வேண்டிய தொழிலாளிக்குக் கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் பட்டினியின் முன்னறிவித்தல். படிப்பணமாக எது கிடைப்பினும் அது இழந்த நாளுக்கு ஈடாவதில்லை.

இழப்போடு மட்டும் தொல்லை முடிந்துவிடுவதன்று. விடியுமுன் எழுந்து, புளியங்குளம் வந்து, கண்டி வீதியிற் பேருந்து பிடித்து நீதிமன்ற வாசலை அடைந்தால், ஆங்கே அவரைப் போலவே அழைக்கப்பட்ட பலர் விறாந்தையிற் காத்து நிற்பர். உள்ளே பெட்டியிலிருந்து பெயர்ச் சீட்டுகள் திருவுளச் சீட்டாக எடுக்கப்படும். பெயர் வந்தவர்களுள்ளும் சிலரைக் காரணம் எதுவும் கூறாமலே வேண்டாமென்று மறுக்க இரு தரப்பாருக்கும் சட்டம் இடமளிக்கின்றது. ஏழு பேர் தேறியதும் மற்றவர்கள் வீடு திரும்பலாம். சில நாட்களில் அந்த ஏழு பேரும் தேவைப்படுவதில்லை. சாட்சி ஒருவர் வரவில்லை, சட்டத்தரணி ஒருவருக்குச் சுகமில்லை, வழக்குத் தவணை போடப்படுகின்றது. எவரும் ஒரு சொல்லும் கேளாமலே ஊர் திரும்பும் மனிதர், “இதற்காகவா என்னைக் கூப்பிட்டார்கள்?” என்று முணுமுணுத்தால் அவரைக் குறை கூறுதல் எங்ஙனம்?

பெயர் வந்து ஆசனத்தில் அமர்ந்தவர்க்கோ வேறு விதமான பாரம். யூரியின் முன் வருவன சிறு களவு வழக்குகள் அல்ல. கொலை போன்ற பெருங் குற்றங்கள். இலங்கையிலே கொலைக் குற்றத்துக்குச் சட்டம் விதித்த தண்டனை மரணம். 1976 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனினும் அத்தீர்ப்பை நீதிபதி வாசிக்கும்போது அதற்கு வழி செய்த சொல் யூரருடைய சொல்லே. வழக்கு நடக்கும் நாளெல்லாம் அதைப் பற்றி மனைவியோடும் பேசலாகாது. வழக்கு முடிந்த பின்போ, சந்தையிலும் கோயில் வீதியிலும் எதிரியின் உறவினரும் இறந்தவரின் உறவினரும் எதிர்ப்படுவர். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் வன்னிப் பெருநிலத்திலே இது சிறிய காரியமன்று.

இத்தனை தொல்லை தரும் முறை இந்நாட்டுக்கு எப்படி வந்தது? பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் என்பாரின் முயற்சியால் 1811 ஆம் ஆண்டிலே அது இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. ஆளப்படுவோரை ஆள்வோரே விசாரித்துத் தண்டித்த அக்காலத்தில், இந்நாட்டு மக்களுட் குற்றஞ் சாட்டப்பட்டவரை இந்நாட்டு மக்களே இருந்து விசாரிக்கலாம் என்பது புரட்சியான ஏற்பாடு. சட்டத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை வரவேண்டுமாயின் சட்டத்தை நடத்தும் வேலையில் அவர்களுக்கும் பங்கு இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை எதிர்பாராத ஒரு பயனையும் தந்தது. யூரர் பட்டியலில் இருந்த கொழும்புப் பிரமுகர் பலர் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தனர். பிறருடைய உயிரையும் உரிமையையும் நிறுத்துப் பார்க்கும் ஆசனத்தில் இருப்பவன் தன் வீட்டில் ஓர் உயிரை உடைமையாக வைத்திருப்பது தகுமோ என்ற கேள்வி எழுந்தது. 1816 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆம் நாளுக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரப் பிறவிகளே என்று அவர்கள் இசைந்தனர். அடிமை முறையைச் சட்டம் முற்றாக ஒழித்தது 1844 இலே தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே யூரர் ஆசனம் அதில் அமர்ந்தவர்களின் மனத்தைத் திருத்தத் தொடங்கியிருந்தது.

பிற்காலத்தில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மாகாணந்தோறும் சுற்றிலே வந்து யூரர் துணையோடு பெருங் குற்ற வழக்குகளை விசாரித்தனர். வட பகுதிக்கு யாழ்ப்பாணத்தில் அமர்வு கூடியது. பிரதமர் பண்டாரநாயக்கா கொலை வழக்கு 1961 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கொழும்பிலே தொடங்கி மே மாதத்தில் முடிந்தது. ஏறக்குறைய மூன்று மாத காலம் ஏழு யூரர் தம் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாட்சியம் கேட்டிருந்தனர். 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் நீதியரசர்களின் சுற்று முறையை நிறுத்தி மேல் நீதிமன்றங்களை அமைத்தது. அது 1974 இல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய முறைக்கு அடிப்படை 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை. யூரர் எழுவர், முடிவு ஏகமனதாயிருக்க வேண்டும், அன்றேல் ஐவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாகிய பெரும்பான்மையேனும் இருக்க வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழி வாரியாகப் பட்டியல்கள் உண்டு. எந்த மொழி யூரர் வேண்டும் என்று தெரிவு செய்பவர் எதிரி. அது மட்டுமன்று, குறித்த சில பெருங் குற்றங்களில் யூரி வேண்டுமா, நீதிபதி தனித்து விசாரிப்பது போதுமா என்பதும் எதிரியின் தெரிவே. யூரி வேண்டுமென்று அவர் கேளாவிடின் யூரி இல்லை. ஆகவே யூரி விசாரணை இந்நாட்டில் அருகி வருகின்றது.

அருகி வருவதை வரவேற்போரும் உளர். அவர்தம் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டம் பயிலாதவர் உணர்ச்சிக்கு ஆட்படுவர். நீதிபதி தீர்ப்புக்குக் காரணம் எழுதுவார், யூரரோ காரணம் கூறுவதில்லை. இந்தியாவிலே கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கிலே பம்பாய் யூரர் எண்மர் குற்றவாளியல்லர் என்றும் ஒருவர் குற்றவாளி என்றும் கூறினர். அதனை ஏற்க மறுத்த நீதிபதி வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே அவர் குற்றவாளியென முடிவாயிற்று. 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டக் கோவையோடு இந்திய நீதிமன்றங்களில் யூரி முறையே மறைந்தது.

ஆயினும் யூரி எடுக்கப்பட்ட இடங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1962 ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியிற் குற்றஞ் சாட்டப்பட்டோரை விசாரிக்க அரசாங்கம் விசேட சட்டம் இயற்றியபோது யூரியை விலக்கியே இயற்றியது. அச்சட்டம் செல்லாதென்று 1965 இல் இங்கிலாந்தின் கோமறைக் கழகம் தீர்த்தது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமும், மேல் நீதிமன்ற நீதிபதி யூரியின்றித் தனித்திருந்தே விசாரிக்க வேண்டும் என விதித்தது. அச்சட்டத்தின் கீழ்க் கூண்டில் நின்ற வன்னி இளைஞர் எவருக்கும் அயலூர்க் கமக்காரர் எழுவரின் முகம் பார்க்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. போர் நடந்த நெடுங்காலத்தில் வன்னியின் பெரும்பகுதியில் அரச நீதிமன்றங்களே இயங்கவில்லை. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபோது, யூரர் என்ற சொல்லையே கேட்டறியாத ஒரு தலைமுறை முகாம்களிலிருந்து ஊர் திரும்பியது.

2016 ஆம் ஆண்டிலே இரண்டு தீர்ப்புகள் தமிழ் மக்களின் கவனத்தை யூரர் ஆசனத்தின் பக்கம் திருப்பின. திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் நாள், பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இருபது ஆண்டுகளின் பின் அவ்வழக்கு அநுராதபுர மேல் நீதிமன்றத்தில் சிங்கள யூரர் முன் விசாரிக்கப்பட்டு, முன்னாட் படையினர் அறுவரும் விடுதலையாயினர். அவ்வாண்டு திசெம்பரில், 2006 இல் கொழும்பிலே சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் அவர்களின் வழக்கிலும் சிங்கள யூரர் எதிரிகள் ஐவரையும் குற்றவாளிகளல்லர் என்றனர். நள்ளிரவு வேளையில் அம்முடிவு வெளியாயிற்று. மொழித் தெரிவு எதிரியின் உரிமை என்பது சட்டம். யூரர் சொன்னது சரியா பிழையா என்று வழக்கைக் கேளாதவர் கூறுதல் தகாது. ஆனால் இழந்தவர்கள் அந்த மன்றிலே நின்று ஏழு ஆசனங்களையும் பார்த்தபோது, தம் மொழியில் அழுதால் விளங்கிக் கொள்ளும் ஒருவரேனும் அவற்றில் இருக்கின்றாரா என்று தேடியிருப்பார்கள் அல்லவா? எதிரிக்கு உள்ள தெரிவு இறந்தவரின் குடும்பத்துக்கு இல்லை என்பது சட்டம் ஆக்குவோர் சிந்திக்க வேண்டிய குறை.

அழைக்கப்படுவதன் எரிச்சல் ஒன்று. அழைக்கப்படாமையின் வேதனை மற்றொன்று. முதலாவதை நாட்கணக்கில் அளந்து விடலாம், இரண்டாவதற்கு அளவில்லை.

முதலாவதைக் குறைக்க வழியும் உண்டு. வெட்டுக் காலமும் விதைப்புக் காலமும் அறிந்து அழைப்பு அனுப்பலாம். வழக்குத் தவணை போடப்படும் என்று முதல் நாளே தெரிந்தால், தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி ஐம்பது பேரின் பயணத்தைத் தடுக்கலாம். காத்திருப்போர்க்கு விறாந்தையில் நிழலும் இருக்கையும் குடிநீரும் கொடுக்கலாம். படிப்பணத்தை அந்நாட் கூலியின் அளவுக்கேனும் உயர்த்தலாம். அழைக்கப்பட்டவருக்கும் ஒரு கடமை உண்டு: உண்மையான இடையூறு இருப்பின் மறைந்திராமல், ஆதாரத்தோடு நேரகாலத்துக்கு நீதிமன்றத்துக்கு எழுதி விலக்குக் கேட்டல் வேண்டும். நியாயமான காரணத்துக்கு விலக்களிக்க மன்றுக்கு அதிகாரம் உண்டு.

நெடுங்கேணிக் கமக்காரரும் எழுதி விலக்குக் கேட்டிருக்கலாம். ஆனால் அன்று மாலை வேலியோரம் நின்று அவர் அயலவரோடு பேசியது வேறு. “வெட்டு மெசினை உன்ர வயலுக்கு முதலிலே விடு. என்ரை பிறகு பார்ப்பம்,” என்றார். “அண்ணை, நெல்லுக் கொட்டுண்டு போகுமே!” என்று அயலவர் தடுத்தார். “நெல்லுக் கொட்டுண்டால் அடுத்த போகம் இருக்குது. ஒருத்தன் கூண்டிலே நிற்கிறான் தம்பி. அவன் செய்தானோ செய்யேல்லையோ, செத்தவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். இரண்டு பேரின்ரை கதையையும் கேட்க எங்கடை ஆள் ஒருத்தராவது இருக்க வேணும்.”

மறுநாள் அயலவர் தம் பிள்ளைகளோடு இரண்டு வயல்களுக்கும் நின்றார். கமக்காரர் விடியற்காலையிலே தோய்த்து மடித்த வேட்டியை உடுத்துக்கொண்டு புளியங்குளத்துப் பேருந்துக்குப் புறப்பட்டார். அன்று அவருடைய பெயர் பெட்டியிலிருந்து வந்ததோ, வரவில்லையோ. அவர் அங்கே போய் நின்றார் என்பதே பெரிது. மன்றத்தில் ஆசனங்கள் ஏழு. அவற்றில் அமரவேண்டியவர்கள் வீட்டில் இருந்துவிடின், பின்னர் அவை யாரால் நிரம்பின என்று முறையிடும் உரிமை அவர்களுக்கு ஏது?