தலைமை மாறும் காலம்



பல்கலைக்கழகத்தில் கல்வித் தலைமை மாறும் காலத்தை எப்படிக் கடப்பது என்று பேசக் கூடியிருக்கிறோம். தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2022 அக்டோபரில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பதவி காலியானது. 2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகமும், 2024இல் மதுரை காமராசர், அண்ணா பல்கலைக்கழகங்களும் அதே நிலைக்கு வந்தன. தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உறுப்பினர் இடம்பெற வேண்டுமா என்பதில் ஆளுநரும் மாநில அரசும் உடன்படவில்லை. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் சட்டங்கள் அறிவிக்கப்பட்டன. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் தீர்க்கட்டும். அந்த வழக்கு நடக்கும் நாளெல்லாம் வளாகத்துக்குள் என்ன ஆகிறது என்பதைப் பேச வேண்டியவர்கள் நாம்.

துணைவேந்தர் இல்லாத இடத்தில் ஒருங்கிணைப்புக் குழு அமர்கிறது. பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலர் அதற்குத் தலைவர். அவர் எவ்வளவு திறமை உடையவராக இருந்தாலும் அவருடைய முழுநேரப் பணி தலைமைச் செயலகத்தில் இருக்கிறது. அன்றாடக் கோப்புகள் எப்படியோ நகர்ந்துவிடும். ஆசிரியர் நியமனம், புதிய துறை, பாடத்திட்டத்தில் அடிப்படை மாற்றம், நிதி நெருக்கடிக்கு நெடுங்காலத் தீர்வு ஆகியவை, “புதிய துணைவேந்தர் வரட்டும்” என்ற ஒரே சொல்லில் நின்றுபோகின்றன. ஓய்வுபெற்ற பேராசிரியரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்க, அவரிடம் பதிவு செய்த ஆய்வு மாணவர் வேறு நெறியாளரைத் தேடி அலைகிறார். இந்த இழப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வராது. அதனாலேயே இதைப் பற்றி உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றிலிருந்தே இரண்டு செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள், அங்கே துணைவேந்தராக இருந்தார். கிண்டியில் இயற்பியல் துறையைத் தொடங்க நினைத்தபோது, சர் சி. வி. இராமனின் பரிந்துரையை ஏற்று, முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஜி. என். இராமச்சந்திரனை 1952இல் அழைத்து வந்தார். அவ்வளவு இளம் வயதில் ஒருவரிடம் துறையையே ஒப்படைப்பதற்குத் துணிவு வேண்டும். பலன் விரைவில் கிடைத்தது. 1954இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜென் புரதத்துக்கு மும்மைச் சுருள் வடிவத்தை முன்வைத்தார்கள். 1963இல் வெளிவந்த, இன்று இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இடம்பெறும் வரைபடமும் சென்னையில் பிறந்ததுதான். 1969இல் முதலியார் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குச் சென்று மூலக்கூறு உயிரி இயற்பியல் பிரிவை நிறுவினார். ஒருவர் இடம் மாறுவதற்குக் காரணங்கள் பல இருக்கும். எவரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு துறையின் ஊக்கம் ஒரு துணைவேந்தரின் நல்லெண்ணத்தில் வேரூன்றியிருந்தால், அவர் போகும் நாளில் அது ஆட்டம் காணும் என்பதே என் கருத்து. இருபத்தேழு ஆண்டு நீண்ட தலைமையும் இந்தக் கவலையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. சொல்லப்போனால், தலைமை எவ்வளவு நீண்டதோ அவ்வளவு பெரிது அது விட்டுச்செல்லும் வெற்றிடம்.

இரண்டாவது செய்தி, தமிழ்ப் பேரகராதி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை. 1913இல் பாதிரியார் ஜே. எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வேலை தொடங்கியது. அவர் விலகினார், பொறுப்பு கைமாறியது, 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர் ஆனார். 1936க்குள் ஆறு தொகுதிகள் நிறைவுபெற்றன. 1939இல் அநுபந்தமும் வந்தது. இதற்கிடையில் பல்கலைக்கழகத்தின் அமைப்பையே மாற்றிய 1923ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. துணைவேந்தர்கள் பலர் வந்து போனார்கள். பணமும் காலமும் முதலில் போட்ட கணக்கை மீறின. அப்படியிருந்தும் வேலை அறுந்துபோகவில்லை.

ஏன் அறுந்துபோகவில்லை? பதிப்பாசிரியர்கள் மாறியபோதும் மு. இராகவையங்கார் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அகராதி அலுவலகத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். எந்தச் சொல் எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது, எங்கே ஐயம் தீரவில்லை என்ற நினைவு அந்த அலுவலகத்தை விட்டு வெளியேறவே இல்லை. மேலே ஒரு குழு தொடர்ந்து இருந்தது. வேலை முழுவதும் எழுத்தில் இருந்தது; ஆகவே வையாபுரிப் பிள்ளை வந்தபோது முந்தையவர்கள் விட்ட இடம் அவர் கண்முன் கிடந்தது. அவர் தம் புலமையைச் செலுத்தி வேலையை விரைவுபடுத்தினார், முதலிலிருந்து தொடங்கவில்லை. புதிய தலைமைக்கு அதைவிடப் பெரிய அடக்கம் வேறில்லை என்று நான் நினைக்கிறேன். முந்தையவர் தொடங்கியது என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடப்பட்ட ஆய்வு மையங்களையும் ஆய்விதழ்களையும் நம்மில் பலர் கண்டு வருந்தியிருக்கிறோம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். எதிர்பாராத இழப்புகள் உண்டு. மு. வரதராசனார் 1974 அக்டோபரில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருக்கும்போதே மறைந்தார். அத்தகைய நாளை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. மற்ற மாற்றங்களுக்கெல்லாம் தேதி தெரியும். மூன்றாண்டுப் பதவிக்காலம் என்றைக்கு முடியும் என்பது பொறுப்பேற்கும் அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. அப்படியிருக்க, தேடுதல் குழு ஆறு மாதம் முன்பே கூடுவதில் என்ன தடை?

2009ஆம் ஆண்டு மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் முதல் விதிகளில், அடுத்தவர் வரும்வரை பதவியில் இருப்பவர் தொடர்வார் என்ற ஏற்பாடு இருக்கிறது. இடம் திடீரென்று காலியானால் இணைத் துணைவேந்தர் பொறுப்பேற்பார். அவரும் இல்லாவிட்டால் மூத்த பேராசிரியர் ஏற்பார். அதாவது பொறுப்பு வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பதவி நீட்டிப்பு முறையில் ஆபத்தும் உண்டு. அடுத்தவரைத் தேடாமல் காலம் கடத்த அது இடம் கொடுத்துவிடும். ஆனால் மூத்த பேராசிரியரிடம் பொறுப்பைத் தரும் ஏற்பாட்டை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

துறைத்தலைவர் மாற்றத்தை நாம் இன்னும் எளிதாகக் கடந்துவிடுகிறோம். பணி மூப்பில் வந்தவர் ஆனாலும் சுழற்சியில் வந்தவர் ஆனாலும், சாவிக் கொத்தும் இருப்புப் பதிவேடும் கைமாறுவதோடு பொறுப்பு ஒப்படைப்பு முடிந்துவிடுகிறது. எந்த ஆய்வுத் திட்டத்தின் நிதி எந்த நிலையில் இருக்கிறது, எந்த மாணவரின் ஆய்வேடு எந்தத் தேர்வாளரிடம் எத்தனை மாதமாகக் கிடக்கிறது, பாடத்திட்டக் குழு எதை ஒத்திவைத்தது, ஏன் ஒத்திவைத்தது என்பவை ஒருவரின் நினைவில் மட்டும் இருந்து அவரோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. அவற்றை எழுதி வாங்கும் வழக்கத்துக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஆளுநரின் ஒப்புதலும் தேவையில்லை. நாமே செய்துகொள்ளலாம்.

ஆகவே இந்த அமர்வுகளில் கட்டுரை படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறையிலோ பல்கலைக்கழகத்திலோ கடைசியாக நடந்த தலைமை மாற்றத்தில் எந்த வேலை நின்றது, எது தொடர்ந்தது, தொடர்ந்ததற்கு யார் காரணம் என்பதை விவரமாகச் சொல்லுங்கள். பெயர் வெளியில் தெரியாத பிரிவு அலுவலரே காரணம் என்றால் அவர் பணியையும் பதிவு செய்யுங்கள். அந்த விவரங்களைக் கொண்டு, துணைவேந்தர் முதல் துறைத்தலைவர் வரை எல்லா நிலைக்கும் பொருந்தும் ஒப்படைப்பு அறிக்கையின் மாதிரி ஒன்றை நிறைவு அமர்வுக்கு முன் எழுதி முடிக்கலாம். அதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுவிலும் முன்மொழியும் பொறுப்பை இங்குள்ள பேராசிரியர்கள் ஏற்க வேண்டும். பதிவாளர்கள் பங்கேற்கும் முதல் அமர்வை இப்போது தொடங்கி வைக்கிறேன்.