பின்சக்கரத்திற்கு எவ்வளவு பிரேக்?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திச் செகந்திராபாத்தில் ரயில்வே எழுத்தராக அமர்ந்த நமக்கு, புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில் இலக்கியம் பேசும் தகுதி இல்லை. ஆதலின் நாம் பட்டறிந்த பொருள் ஒன்றைப் பற்றியே பேச விழைகிறோம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின்சக்கரங்களுக்கு நல்ல பிரேக் தேடிய கதை அது.

நம் சங்கத்து அன்பர் ஒருவரிடம் 1960களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார் உண்டு. இருவர் அமரும் திறந்த வண்டி. அதன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1902ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், 1953இல் லே மான் பந்தயத்தில் அதைப் பூண்ட ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதன் அருமையை நன்குணர்ந்தது.

அன்பரின் மகனுக்குப் பின்சக்கரங்களிலும் டிஸ்க் பூட்ட ஆசை. "பெரிய கேலிப்பராகப் போட்டால் கவலையே இல்லை, மாமா" என்றார். கேலிப்பர் என்பது, சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கிடுக்கி. கனத்த கார் ஒன்றிலிருந்து கழற்றியவற்றை ஒரு கடையில் வாங்கிப் பூட்டினார். கிடுக்கி பெரிதானால் பாதுகாப்பும் பெரிதாகும் என்று நாமும்தான் எண்ணினோம்.

ஒரு மாலை, தூறல் விழுந்துகொண்டிருந்தது. டேங்க் பண்ட் சாலையில் தம்பி ஓட்ட, நாம் அருகில் அமர்ந்திருந்தோம். முன்னே சென்ற ஆட்டோ சட்டென நின்றது. தம்பி பிரேக்கை மிதித்தார். பின்சக்கரங்கள் இரண்டும் சுழலாமல் இறுகின. வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வழுக்கிச் சுற்றியது. நடைபாதை விளிம்பில் இடித்து நின்றோம். எவருக்கும் காயமில்லை. ஆனால் வீட்டில் நம்மை எதிர்பார்த்திருந்த மனைவி மக்களின் முகம் அக்கணத்தில் கண்முன் வந்து போயிற்று.

நிற்க. தவறு எங்கே நேர்ந்தது?

ஓடும் வண்டியை நிறுத்துகையில் அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பேருந்தில் நிற்பவர் பிரேக் போட்டதும் முன்னே சாய்வதை நாம் அறிவோம். முன்சக்கரம் தரையை அழுத்திப் பற்றுகிறது. பின்சக்கரத்தின் பிடி தளர்கிறது. தளர்ந்த சக்கரத்தை வலுவாகக் கவ்வினால் அது இறுகி வழுக்காமல் என்ன செய்யும்? முன்சக்கரம் முதலில் இறுகினால் வண்டி நேராகவாவது செல்லும். பின்சக்கரம் முதலில் இறுகினால் வண்டி சுற்றிவிடும்.

கேலிப்பரின் பிஸ்டன் 38 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 48 ஆனால், கூடுவது 10 மில்லிமீட்டரே. ஆனால் அதன் பரப்பும், அழுத்தும் விசையும் ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுகின்றன! எண்ணெயும் மிகுதியாக வேண்டியிருப்பதால் பிரேக் மிதி ஆழமாக இறங்குகிறது.

அதன்பின் நாமும் தம்பியும் அளவுகோலும் குறிப்பேடுமாய் ராணிகஞ்சுக் கடைகளில் ஏறி இறங்கினோம். சென்னைப் புதுப்பேட்டைக்கும் சொல்லி அனுப்பினோம். இம்முறை "பெரியது எது?" என்று கேட்கவில்லை. மூன்றே கேள்விகள் கேட்டோம். முன் கேலிப்பரோடு ஒப்பிடப் பிஸ்டன் போதிய அளவு சிறியதா? கைப்பிரேக்கின் கம்பியைப் பூட்ட நெம்புகோல் உண்டா? காற்றை வெளியேற்றும் திருகு மேற்புறம் அமையுமா? இடம் வலம் மாற்றிப் பூட்டினால் அத்திருகு கீழே போய்விடும். உள்ளே தங்கிய காற்று வெளியேறாது. மிதி பஞ்சுபோல் அமுங்கும்.

சென்னைப் பாடியில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் இந்நாட்டிலேயே பிரேக் உறுப்புகளைச் செய்கின்றன. ஆதலால் ஒவ்வொன்றுக்கும் கடல் கடந்து ஆள் தேட வேண்டிய நிலை இல்லை. நடுத்தரக் கார் ஒன்றின் பின் கேலிப்பர்கள் நம் அளவுக்குப் பொருந்தின. லேத் பட்டறையில் தாங்கி செய்வித்துப் பூட்டினோம். பின்புற அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்றும் சேர்த்தோம். வெற்று மைதானத்தில் தண்ணீர் தெளித்து, மெல்ல ஓட்டிப் பன்முறை சோதித்தோம். வெளியே நின்று பார்த்த அன்பர், "முன்சக்கரமே முதலில் இறுகுகிறது" என்று கூவியபோதுதான் நமக்கு மூச்சு வந்தது.

2023 பிப்ரவரி 11ஆம் நாள் இதே ஹுசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ மின்சாரக் கார் பந்தயம் நடந்தது நினைவிருக்கலாம். அவ்வாண்டு களம் புகுந்த அக்கார்கள், பின்சக்கரங்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக் இன்றியே வடிவமைக்கப்பட்டவை. ஓட்டும் மின்மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தை அடக்கியது. அவ்வளவு விரைவான காருக்கே பெரிய பின் கேலிப்பர் தேவைப்படவில்லை என்றால், வேண்டுவது பெருமையன்று, பொருத்தம் என்பது விளங்கவில்லையா?

எமது ரயில்வேயில், செல்லுபடியாகும் பிரேக் பவர் சான்றிதழ் இன்றி ரயில் புறப்படுவதில்லை. சொந்த வண்டியை வீட்டு வாசலிலிருந்து எடுக்கும்போது அச்சான்றிதழைக் கேட்பார் எவரும் இலர். இளைஞர்களே, பழைய வண்டியைப் போற்றுங்கள். புதிய உறுப்பும் பூட்டுங்கள். ஆனால் சாலைக்கு வருமுன் அதைச் சோதித்து, உங்கள் மனச்சான்றின் கையொப்பத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஓடத் தெரிந்த வண்டிக்கு நேராக நிற்கவும் தெரிய வேண்டும்.