கோப்பை வாங்காத அணி



கோப்பை வாங்கினவங்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் உண்டு. நான் பேச வந்தது அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணியைப் பற்றி. 2003-04 சீசனில் 29 ஆட்டம்தான் ஜெயித்தார்கள். ஸ்டீவ் நாஷ் வந்து சேர்ந்த அடுத்த சீசனில் 62! பந்தை எறிய 24 விநாடி அவகாசம் உண்டு. இவர்கள் ஏழே விநாடியில் எறியப் பார்ப்பார்கள். காலை டிபனை மறந்து விடுதி டி.வி. முன்னால் கிடப்போம்.

2007 மே மாதம். நான் மூன்றாமாண்டு. சான் அன்டோனியோவுடன் நாலாவது ஆட்டம்; சன்ஸ்தான் ஜெயித்தது. ஆனால் கடைசி நேரத்தில் ராபர்ட் ஹாரி நாஷை இடித்துத் தள்ள, பெஞ்சிலிருந்த ஸ்டௌடமயரும் டியாவும் பதறி எழுந்து வந்துவிட்டார்கள். இடித்தவருக்கு இரண்டு ஆட்டம் தடை. எழுந்த இவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. அடுத்த ஆட்டம் 85-88 என்று போச்சு. பிறகு தொடரும் போச்சு. விதி விதிதாங்க, இன்ஜினியர் நான், ஒத்துக்கறேன். ஆனால் கூட்டாளி கீழே விழும்போது எழுந்திருக்காமல் எப்படிங்க இருப்பது?

நம்ம கோர்ட்டில் நாங்களும் அப்படித்தான் ஓடினோம். நாலு வருஷமும் கோப்பை கிடையாது. அந்த ஐவரில் மற்ற நால்வரும் இதோ முன்வரிசையில், தொப்பையோடு. சாயங்காலம் கோர்ட்டுக்கு வந்துடுங்கப்பா, பந்து கொண்டு வந்திருக்கேன்.