ஔஷத தானமும் சாத்திர தானமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டி அம்பாசமுத்திரத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இல்லறத்தார் செய்யத்தக்க தானங்களை ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என நான்காக வகுத்துரைப்பது சமண மரபு. பசித்தவர்க்கு உணவும், அஞ்சியவர்க்குப் புகலும், பிணியுற்றவர்க்கு மருந்தும், அறியாதவர்க்குக் கல்வியும் அளித்தல் என்பது அவற்றின் பொருள். இந்நான்கனுள் ஒன்றையேனும் முறையாகச் செய்பவர் சிலரே. இரண்டை ஒரே வேளையில் ஒரே இடத்திலிருந்து செய்யும் வாய்ப்போ மிகச் சில தொழில்களுக்கே உண்டு. நோயாளியைக் கவனித்துக்கொண்டே அருகில் நிற்கும் மாணவனுக்குப் பாடமும் சொல்லும் மருத்துவரின் தொழில் அவற்றுள் ஒன்று.

இதனைக் கேட்டவுடன் பெற்றோர் பலர் மனத்தில் ஒரு மறுப்பு எழும். புதிதாகப் பட்டம் பெற்று வந்த பிள்ளை முதலில் தொழிலில் காலூன்ற வேண்டாமா? கைராசி என்ற பெயர் பெறவேண்டாமா? தலை நரைத்த பிறகு பாடம் சொல்லலாமே என்பர். பொறுப்புள்ள குடும்பத்தார் இவ்வாறு கேட்பது இயல்பே. ஆயினும் இக்கேள்விக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சமண முனிவர் விடை எழுதி வைத்துள்ளார்.

அவர் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். நன்னூலை இலக்கணமாக மட்டும் பள்ளியில் படித்தவர்கள் அதன் பாயிரப் பகுதியைப் பெரும்பாலும் மறந்திருப்பர். நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டவர் அவர். ஆசிரியராகத் தகாதவரை, திணித்த பருத்தி எளிதில் வெளிவராத குண்டிகைக்கும், வேலிக்கு அப்பால் காய் உதிர்க்கும் முடத்தெங்குக்கும் ஒப்பிட்டுச் சிரிக்கவும் வைத்தார். அவற்றினும் வியப்பானது அவர் போட்ட ஒரு கணக்கு. ஆசிரியர் சொன்னதைச் செம்மையாகக் கொண்டாலும் மாணவன் பெறுவது கல்வியில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் நிரம்புகிறது என்பது அக்கணக்கு.

இதனை மருத்துவர்க்குப் பொருத்திப் பார்க்கலாம். பட்டம் பெற்று வெளிவரும் இளைய மருத்துவர் ஆசிரியரிடம் ஒரு காலும் தோழரிடம் ஒரு காலும் பெற்றிருக்கிறார். மறுபாதியை நரைக்கும் வரை ஒத்திவைத்தால், அத்தனை ஆண்டுகளும் அவரிடம் வரும் நோயாளிகள் அரைக் கல்வியின் கையில்தான் இருப்பர்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. நன்னூலுக்கு முதலில் உரை கண்ட மயிலைநாதர் சமணர். பின்னர் விருத்தியுரை எழுதிய சங்கரநமச்சிவாயர் திருநெல்வேலியைச் சேர்ந்தவர். அவ்வுரையைத் திருத்திச் செப்பம் செய்த சிவஞான முனிவர், இவ்வம்பாசமுத்திரத்திற்கு அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். இருவரும் சைவர். சமண முனிவரின் நூலைத் தம் நூலாகவே போற்றிக் காத்தது இத்தாமிரபரணிக் கரை. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கங்களிலிருந்து வந்திருப்போர் இதனை நினைவில் கொண்டு ஊர் திரும்புவது நன்று.

பவணந்தியார் கணக்கு மெய்யென்பதற்குத் தமிழுலகில் ஒரு சான்று உண்டு. 1822இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் மருத்துவம் செய்தார். வந்த மறு ஆண்டே, அதாவது 1848இலேயே, மாணவரைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கிவிட்டார். தொழில் நிலைபெறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பிரசவம், எலும்பு முறிவு, வாந்திபேதி என எது வந்தாலும் பார்க்க வேண்டிய பொது மருத்துவர் அவர். மருந்தகமே வகுப்பறையும் ஆயிற்று.

கிறீன் கிறித்தவ மதப் பணியாளராக வந்தவர். மதம் பரப்புதல் அவர் நோக்கங்களுள் முதன்மையானது. அதனை மறைக்க வேண்டியதில்லை. அதனால் அவர் கற்பித்தலின் சிறப்புக் குறைந்துவிட்டதாகவும் கருத வேண்டியதில்லை. ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து காணக் கற்பிக்கும் அநேகாந்த நெறியினர்க்கு இது கடினமன்று.

முதற்காலத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். ஆங்கிலம் வழிக் கற்ற மாணவர் அரசுப் பணியையும் நல்ல ஊதியத்தையும் நாடிச் சென்றனர். கிராமம் பழையபடியே கிடந்தது. 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டும் வந்த கிறீன், இம்முறை தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பதெனத் துணிந்தார். தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் எண்ணம். கற்பிக்க நூல் வேண்டுமே! மாணவரைத் துணைக்கொண்டு நூல்களைப் பெயர்த்தார். உடற்கூற்றியலை அங்காதிபாதம் என்றும், உடலியங்கியலை மனுஷ சுகரணம் என்றும், அறுவை மருத்துவத்தை இரண வைத்தியம் என்றும், வேதியியலைக் கெமிஸ்தம் என்றும் பெயரிட்டார். இன்றைய செவிக்கு இச்சொற்கள் சில விந்தையாக ஒலிக்கும். ஆனால் கலைச்சொல் அகராதி ஏதும் கையில் இல்லாத காலத்தில், நோயாளிகளின் வரிசைக்கும் வகுப்புக்கும் இடையே உருவானவை அவை. டன்வதர், சப்மன் போன்ற அவர் மாணாக்கர் மொழிபெயர்ப்பிலும் கற்பித்தலிலும் தோள் கொடுத்தனர், மாணவரே ஆசிரியராயினர். அவரிடம் பயின்று மருத்துவரானவர் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழ்வழியே கற்றவர். 1873இல் வூஸ்டர் திரும்பிய பின்னரும் அவர் ஓயவில்லை. கெமிஸ்தம் 1875இலும் மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

இனி இவ்வூருக்கு வருவோம். பொதிகை மலை கண்முன் நிற்கும் ஊர் இது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலும், திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி 1965இலும் தோன்றின. பெருநகர மருத்துவமனைக்கு வரும் நோய் பெரும்பாலும் பெயர் சூட்டப்பட்டே வருகிறது. சிறுநகரத்தின் குடும்ப மருத்துவரிடமோ அது பெயரின்றி வருகிறது. பீடி சுற்றும் அம்மையார் ஒருவர் இருமலோடு வருகிறார். தூசியா, சளியா, காசநோயா? இரண்டு வாரத்தைக் கடந்த இருமலெனின் சளிப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். வயற்சேற்றில் நின்றவர் காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். நீரிழிவுக்காரர் காலில் புண்ணில்லை என்று சொன்னாலும் காலணியைக் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். இவை புத்தகத்தில் உள்ளவைதாம். ஆனால் மாணவனின் கண்ணும் கையும் பழகுவது இத்தகைய அறையில்தான். 2019 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், முதலாண்டிலேயே மாணவன் நோயாளியைக் காணவேண்டும் என்கிறது.

மாணவனுக்கு மட்டுமா இதனால் ஆதாயம்? சாதாரணச் சளிக்கு, நோயாளி கேட்கிறாரே என்று நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எழுதும் பழக்கம் பலரிடம் படிந்துவிட்டது. அருகில் ஒரு மாணவன் நின்று, "ஐயா, இது எதற்கு?" என்று பணிவோடு கேட்டால் போதும், பேனா நின்றுவிடும். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், பிரமாதத்தால், அதாவது கவனக்குறைவால், உயிர்க்குத் தீங்கு விளைத்தலே இம்சை என்றார். கத்தி எடுப்பவன் மட்டும் இம்சை செய்வதில்லை. அசதியால் மருந்தின் அளவை மாற்றி எழுதுபவரும் அதன் எல்லைக்குள் வருகிறார். மாணவனின் கேள்வி மருத்துவரை அப்பிரமாதத்தில், விழிப்பில் நிறுத்துகிறது. அவ்வகையில் அவன் குருவுக்கே ஓர் உபகாரி.

இடர்களும் உண்டு. மாணவன் உடனிருந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆகும் நேரம் கூடும். வெளியே காத்திருப்போர் முகம் சுளிப்பர். பெண் நோயாளிகள் புதியவர் முன் பேசக் கூசுவர். அவர்தம் இசைவு பெறாமல் மாணவனை அறையில் வைத்திருத்தல் முறையன்று. எனவே நாள்தோறும் வேண்டாம். வாரத்தில் ஓர் அரை நாள், ஒன்றோ இரண்டோ மாணவர், அவ்வளவே தொடக்கத்திற்குப் போதும். வருமானம் சிறிது குறையும். அதனைக் குடும்பம் முன்கூட்டியே அறிந்து ஒப்புக்கொள்ளுதல் நலம். இல்லையேல் ஆறு மாதத்தில் அம்முயற்சி நின்றுபோகும்.

கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும், குருவைக் குறித்து மாணாக்கர் செய்வித்த செய்திகளும் அவற்றுள் உண்டு. அக்குருமாரும் மாணாக்கரும் தங்கவும் உண்ணவும் ஊரார் வழி செய்தமையால்தான் அக்கல்வி நடந்தது.

ஆகவே மருத்துவர் இரண்டு தானங்களைச் செய்யட்டும். எஞ்சிய இரண்டையும் அறக்கட்டளைகளும் குடும்பங்களும் ஏற்கலாம். கல்லூரியிலிருந்து வாரந்தோறும் வரும் மாணவர் இருவர்க்குத் தங்க ஓர் அறை, காலையும் நண்பகலும் உணவு, மாலையில் பொழுது சாயுமுன் ஒரு வேளை உணவு: இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் அவர்களுக்கு முதலில் சற்றுச் சிரமமாக இருக்கலாம். அதனை மட்டும் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.