தொலைபேசியில் ஒரு கணக்கெடுப்பு

தொலைபேசி மணி ஒலிக்கிறது. "ஓர் ஆய்வுக்காகப் பேசுகிறோம், பத்து நிமிடம் ஒதுக்க இயலுமா?" என்கிறது ஒரு குரல். பேசுபவர் முன்னே ஒரு கணினி இருக்கிறது. எந்த எண்ணை அழைப்பது, அடுத்து எதைக் கேட்பது என்பவற்றை அது காட்டுகிறது. தமக்கு வேலை இல்லை என்று ஒருவர் கூறிவிட்டால், கூலியைப் பற்றிய கேள்வி திரையில் தோன்றுவதே இல்லை. கைதவறி வயதை 150 என்று பதிந்தால் கணினி ஏற்க மறுக்கிறது. கேட்பவர் தம் விருப்பப்படி ஒரு சொல்லையும் மாற்றலாகாது. கேள்வியின் சொல் மாறினால் விடையும் மாறிவிடும் அல்லவா?

1970களில் அமெரிக்காவில் வேரூன்றிய முறை இது. 2020இல் பெருந்தொற்று வீடு வீடாகச் செல்வதைத் தடுத்தபோது, நம் நாட்டிலும் தொலைபேசிக் கணக்கெடுப்பு கைகொடுத்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பில், முன்பே நேரில் கண்ட நகர்ப்புறக் குடும்பங்களிடம் மறுசுற்றுக் கேள்விகள் தொலைபேசியிலேயே கேட்கப்பட்டன.

இனி, விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டியை எண்ணிப் பாருங்கள். பட்டாசுத் தொழில் நடைபெறும் ஊர். வெடிமருந்து கையாளும் இடத்திற்குள் செல்பேசி ஆகாது. காலை பதினொரு மணிக்குக் கணினி ஒரு பெண்ணின் எண்ணைத் தேர்ந்தால், மணி வீட்டில் ஒலிக்கும். அவரோ ஆலையில் சரம் பின்னிக்கொண்டிருப்பார். எடுப்பவர் மாமனாராயிருக்கலாம். பல வீடுகளில் அப்பெண்ணுக்கென ஒரு செல்பேசியே இராது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் தாமே பயன்படுத்தும் செல்பேசி உடையவர்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே.

இவ்விடத்தில் ஒரு பழைய தோல்வி நினைவுக்கு வருகிறது. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ், பெரும்பாலும் தொலைபேசி ஏடுகளிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் பெயர்களைத் திரட்டி, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். லாண்டன் வெல்வார் என்றது இதழ். பெருவெற்றி பெற்றவரோ ரூஸ்வெல்ட். தொலைபேசி இல்லாத ஏழையர் பலர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சீட்டைப் பெற்றும் விடை எழுதாதவர்களின் எண்ணம் வேறாயிருந்ததும் ஒரு காரணம் எனப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கூறினர்.

ஆகவே, தாயில்பட்டி எண்ணை ஒருமுறை அழைத்துவிட்டு 'விடை இல்லை' என்று கணக்கை முடிப்பது சரியன்று. மாலை ஏழு மணிக்குப் பின்னரோ ஆலை விடுமுறை நாளிலோ மீண்டும் அழைக்குமாறு கணினிக்குக் கட்டளையிட வேண்டும். அப்போதும் அருகில் எவரேனும் இருக்கக்கூடும். பணியிடத்து ஆபத்தைப் பற்றியோ கூலியைப் பற்றியோ கேட்கும்போது, 'ஆம்', 'இல்லை' என்ற ஒரே சொல்லில் விடை கூறும்படி கேள்வியை அமைத்தால், பக்கத்தில் இருப்பவருக்கு எதைப் பற்றிய பேச்சு என்பதே விளங்காது.