பதினாலு வயசுல கேட்ட பாட்டு

(இந்த எபிசோடின் ஆடியோவைச் சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம்)

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. நீங்க பிறந்த வருஷத்தோட 14-ஐக் கூட்டுங்க. அந்த வருஷம் என்னென்ன படம் வந்துச்சு, யார் மியூசிக்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

1998-ல பிறந்தவங்களுக்கு 2012 வரும். '3' படத்தோட அனிருத் உள்ளே வந்த வருஷம். 1978-ல பிறந்தவங்களுக்கு 1992, 'ரோஜா'. 1962-ல பிறந்தவங்களுக்கு 1976, 'அன்னக்கிளி'. 1947-ல பிறந்த தாத்தாவுக்கு 1961. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' ரெண்டும் வந்த வருஷம். இந்த நாலு பேரையும் ஒரே ஹால்ல உட்கார வெச்சு, தமிழ் சினிமாப் பாட்டுக்குப் பொற்காலம் எதுன்னு கேளுங்க. நாலு பதில் வரும். நாலும் சத்தமா வரும்.

சரி, எனக்கு வசதியான வருஷங்களாப் பொறுக்கி எடுத்திருக்கேன், ஒத்துக்கிறேன். ஆனா 14-ங்கிற நம்பர் சும்மா வந்தது இல்ல. அமெரிக்காவுல சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ்னு ஒரு டேட்டா ஆராய்ச்சியாளர் இருக்கார். 2018-ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினார். எந்த வயசுக்காரங்க எந்தப் பாட்டை எவ்வளவு கேக்குறாங்கன்னு ஸ்பாட்டிஃபை டேட்டாவை வெச்சு அலசிப் பார்த்தார். ஆண்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டுகள், சராசரியா அவங்களோட 14 வயசுல ரிலீஸ் ஆனவை. பெண்களுக்கு 13. அவர் சொன்ன உதாரணம் ரேடியோஹெட் பேண்டோட 'க்ரீப்'. அப்போ 38 வயசுல இருந்த ஆண்கள்கிட்ட அது 164-வது இடத்துல இருக்கு. அவங்களைவிடப் பத்து வயசு பெரியவங்ககிட்டயும், பத்து வயசு சின்னவங்ககிட்டயும் முதல் 300-லயே அது இல்ல. பாட்டு ஒண்ணுதான். கேட்ட வயசுதான் வேற.

இதுக்கு முன்னாடியே, 1989-ல, மோரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர்னு ரெண்டு பேர் வேற மாதிரி முயற்சி பண்ணாங்க. 16 வயசுல இருந்து 86 வயசு வரைக்கும் 108 பேரைக் கூப்பிட்டு, 1932-ல இருந்து 1986 வரைக்குமான 28 ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டி மார்க் போடச் சொன்னாங்க. அவங்களுக்குக் கிடைச்ச உச்சம் கிட்டத்தட்ட 23 அரை வயசு. அது 14, இது 23 அரை, இடிக்குதேன்னு கேப்பீங்க. முதல்ல சொன்னது எதைத் திரும்பத் திரும்பப் போடுறோம்ங்கிற கணக்கு. ரெண்டாவது, போட்டுக் காட்டினதுக்கு மார்க். அளந்ததே வேற வேற விஷயம். அதுலயும் 108 பேர்ங்கிறது பெரிய கூட்டம் இல்ல. அதனால நம்பரைக் கெட்டியாப் பிடிச்சுக்க வேண்டாம். மீசை முளைக்கிறதுல இருந்து முதல் சம்பளம் வரைக்கும்னு வெச்சுக்கலாம்.

நினைவாற்றலை ஆராயறவங்க இதை 'ரெமினிசன்ஸ் பம்ப்'னு சொல்றாங்க. தமிழ்ல நினைவு மேடுன்னு சொல்லலாம். நாற்பது தாண்டின ஒருத்தர்கிட்ட உங்க வாழ்க்கையில ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கன்னு கேட்டு, அதை வயசு வாரியா கிராஃப் போட்டா, சுமார் 10-ல இருந்து 30 வயசுக்குள்ள ரோட்டுல வேகத்தடை மாதிரி ஒரு மேடு எழும்பும். பாட்டுக்கு மட்டும் இல்ல, படிச்ச புத்தகம், பார்த்த படம், கூட இருந்த ஆளுங்க எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

ஏன்? ஒரு காரணம் சுலபமாப் புரியும். முதல் தடவையா நடக்கிற விஷயங்கள் எல்லாம் அந்த வயசுலதான் நடக்குது. முதல் நெருங்கின நட்பு, முதல் காதல், வீட்டுக்குத் தெரியாம முதல் சினிமா. இன்னொண்ணு, நான் யாருன்னு நாம முடிவு பண்ற வயசு அது. எந்த ஹீரோவோட ஃபேன்ங்கிறது கிளாஸ்ல யாரோட பெஞ்சுல உட்காருறோம்ங்கிற வரைக்கும் தீர்மானிக்கும். பாட்டு அப்போ ரசனை மட்டும் இல்ல, அடையாள அட்டை. பின்னாடி வர்ற பாட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்த வேலையை அதால செய்ய முடியாது. அட்டை ஏற்கெனவே அடிச்சாச்சு.

மூணாவது காரணத்தை யாரும் பெருசாப் பேசுறது இல்ல. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. எத்தனை தடவை கேட்டோம்ங்கிறது. 1968-ல ராபர்ட் ஸயான்ஸ்னு ஒரு உளவியலாளர், அர்த்தம் இல்லாத சொற்கள், சீன எழுத்து மாதிரியான கிறுக்கல்கள், தெரியாத முகங்கள் இதையெல்லாம் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகமாப் பார்த்ததை அதிகமாப் பிடிக்குதுன்னு சொன்னாங்க. வெறும் பழக்கமே பிடித்தமா மாறுது. இப்போ கேசட் காலத்தை யோசிங்க. 60 நிமிஷ கேசட்டோ 90 நிமிஷ கேசட்டோ வாங்கி, பேப்பர்ல லிஸ்ட் எழுதி ரெக்கார்டிங் கடையில கொடுத்துட்டு வருவாங்க. லிஸ்ட்ல இருந்த ஒரு பாட்டு கிடைக்கலைன்னா கடைக்காரர் அவருக்குப் பிடிச்சதைப் பதிஞ்சு கொடுத்துடுவார். கேசட்டை ஓட்டி ஓட்டித் தேடுறது பெரிய வேலை, அதனால அந்த வேண்டாத பாட்டையும் சேர்த்து நூறு தடவை கேப்பாங்க. அப்புறம் அதுதான் ஃபேவரைட். அந்தக் காலத்து ஆளு யாரையாவது கேட்டுப் பாருங்க, இந்த மாதிரி ஒரு பாட்டு கட்டாயம் இருக்கும்.

அதுக்கும் முன்னாடி இன்னும் கஷ்டம். 1952-ல கேஸ்கர் மத்திய அமைச்சரா வந்தப்புறம் ஆகாசவாணியில சினிமாப் பாட்டை ஓரங்கட்டினாங்க. மக்கள் அப்படியே ரேடியோ சிலோன் பக்கம் போனாங்க. விவித பாரதி 1957-லதான் வந்துச்சு. அதுக்கப்புறமும் இலங்கை வானொலி தமிழ்நாட்டுல பல வீடுகளோட அன்றாடமா இருந்துச்சு. டிவி வந்தப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷன்ல 'ஒலியும் ஒளியும்'. அவ்வளவுதான். பாட்டு எப்போ வருமோ அப்போதான். எங்க அம்மா அடுப்பை சிம்ல வெச்சுட்டு வந்து நிக்கிறதை நான் பார்த்திருக்கேன். அந்த நாலு நிமிஷம் யாரும் அவங்களைக் கூப்பிடக் கூடாது.

இதுல இருந்து, பழைய பாட்டு உண்மையிலேயே நல்லா இல்லையா, எல்லாம் பிரமையான்னு கேட்டா, அப்படி இல்ல. வடிகட்டல்னு ஒண்ணு நடக்குது. இளையராஜா 1000 படத்துக்கு மேல மியூசிக் பண்ணியிருக்கார். இன்னைக்கு நாம திரும்பத் திரும்பப் போடுறது அதுல எவ்வளவு? (ராஜா ரசிகர்கள் கமெண்ட்ல அடிக்க வர வேண்டாம், நானும் உங்க கட்சிதான்.) நாற்பது வருஷம் தாக்குப்பிடிச்ச பாட்டையும், போன வெள்ளிக்கிழமை வந்த பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா போட்டியே தப்பு. 'ரோஜா' வந்தப்போ "கம்ப்யூட்டர் மியூசிக், வரியே கேக்கல"ன்னு சொன்ன பெரியவங்க நிறைய. அன்னைக்கு அதைக் கேட்டுக் கடுப்பான பசங்கதான் இன்னைக்கு அனிருத் பாட்டுக்கு அதே டயலாக்கைச் சொல்றாங்க.

இது வரைக்கும் உங்களுக்குப் பாதி தெரிஞ்ச கதைதான். என்னை உட்கார வெச்ச ஆராய்ச்சி வேற ஒண்ணு.

2013-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்த கேரல் க்ரம்ஹான்ஸ்ல், ஜஸ்டின் ஸப்னிக் கூட சேர்ந்து 62 காலேஜ் பசங்களை ஆராய்ஞ்சார். எல்லாருக்கும் சராசரியா இருபது வயசு. 1955-ல இருந்து 2009 வரைக்கும் ஒவ்வொரு வருஷத்தோட டாப் ஹிட்டுகளையும் போட்டுக் காட்டி, தெரியுமா, பிடிக்குமா, ஏதாவது ஞாபகம் வருதான்னு கேட்டாங்க. புதுப் பாட்டுகளுக்கு கிராஃப் ஏறும், பழசுக்குப் போகப் போக இறங்கும்னுதானே நினைப்பீங்க? இறங்குச்சு. ஆனா 1980-களோட ஆரம்பத்துல திரும்ப ஒரு மேடு. அந்தப் பசங்க அப்போ பிறக்கவே இல்ல. அது அவங்களோட அப்பா அம்மா வாலிபமா இருந்த காலம். அதுக்கும் பின்னாடி 1960-கள்ல இன்னொரு மேடு. தாத்தா பாட்டி மூலமா வந்ததா இருக்கலாம், இல்ல அந்தக் காலப் பாட்டே அவ்வளவு நல்லதா இருக்கலாம்னு அவங்களே ரெண்டு வழியையும் திறந்து வெச்சிருக்காங்க.

அதாவது இளமைக்காலப் பாட்டு அந்த ஆளோட நின்னு போறது இல்ல. சொத்து மாதிரி கைமாறுது. பத்திரம் எழுதாம, யாரும் சொல்லிக் கொடுக்காம. எப்படி? வீட்டுல ஸ்பீக்கர் யார் கையில இருந்துச்சோ அவங்க மூலமா.

தமிழ்நாட்டுல இதை விளக்க ஆராய்ச்சியே வேண்டாம், ஒரு மினி பஸ் போதும். ஈரோடு பக்கமோ கும்பகோணம் பக்கமோ மினி பஸ்ல ஏறியிருக்கீங்களா? டிரைவருக்கு ஐம்பது வயசு இருந்தா மொத்த பஸ்ஸும் அவரோட பதினெட்டு வயசுக்குள்ள உட்கார்ந்து போகும். பின் சீட்டுல இருக்கிற பள்ளிக்கூடப் பசங்களுக்கு வேற வழி கிடையாது. தினமும் போக அரை மணி நேரம், வர அரை மணி நேரம். பத்து வருஷம் கழிச்சு சென்னையில ஏதோ ஒரு ஐடி ஆபீஸ்ல அந்தப் பையன் "எனக்கு ஏன்னே தெரியல, 80ஸ் பாட்டுன்னா உயிரு"ன்னு சொல்லுவான். ஏன்னு டிரைவர் அண்ணனுக்குத் தெரியும். கல்யாண மண்டப வாசல்ல கட்டின குழாய் ஸ்பீக்கர், டீக்கடை, கார்ல அப்பா போட்ட சிடி, எல்லாமே இதே வேலையைத்தான் பார்த்துச்சு.

இப்போ நம்ம வீட்டைப் பாருங்க. அப்பா ப்ளூடூத் ஹெட்செட்டோட வாக்கிங் போறார். அம்மா சமையல் பண்ணும்போது காதுல இயர்பட். அண்ணனுக்கு அவன் ப்ளேலிஸ்ட், உங்களுக்கு உங்க ப்ளேலிஸ்ட். நாலு பேரும் பாட்டு கேக்குறோம், ஆனா வீடு அமைதியா இருக்கு. அடுத்தவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துலதான் போட்டுக்கிறோம். அந்தத் தொந்தரவு வழியாத்தான் பாட்டு ஒரு தலைமுறையில இருந்து இன்னொண்ணுக்கு வந்துட்டு இருந்துச்சு. இன்னைக்கு அஞ்சு வயசுல இருக்கிற உங்க அக்கா பொண்ணுக்கு, உங்க அக்காவோட பதினாலு வயசுப் பாட்டு எது வழியா வரும்?

ரீல்ஸ் இருக்கேன்னு சொல்லுவீங்க. படமும் இருக்கு. 2024-ல 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தப்போ, 1991-ல வந்த 'குணா' பாட்டு, அது வந்தப்போ பிறக்காத கூட்டத்துக்கே தியேட்டர்ல தொண்டையை அடைச்சது. அதே வருஷம் 'லப்பர் பந்து', 1989-ல வந்த 'பொன்மன செல்வன்' பாட்டைத் திரும்பத் தெருவுக்குக் கொண்டு வந்துச்சு. லோகேஷ் கனகராஜ் 'லியோ'வுக்கு எடுத்த தேவா பாட்டு, 2000-ல வந்த 'ஏழையின் சிரிப்பில்' படத்தோடது. லோகேஷ் பிறந்தது 1986. மறுபடி கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு விதத்துல டைரக்டர்கள்தான் இன்னைக்கு மினி பஸ் டிரைவர்.

ஆனா எனக்கு இதுல ஒரு குறை இருக்கு. படத்துலயும் ரீல்ஸ்லயும் வர்றது எல்லாருக்கும் பொதுவான ஹிட். பெரும்பாலும் அதுல ஒரு துண்டுதான். உங்க அம்மாவுக்கே உரிய அந்த ஒரு பாட்டு, ஓடாத படத்துல வந்த பாட்டு, ரெக்கார்டிங் கடைக்காரர் தப்பாப் பதிஞ்ச பாட்டு, அது எந்த ட்ரெண்டிங்லயும் வராது. அவங்க சொன்னாத்தான் உண்டு.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அல்ஸைமர் மாதிரி மறதி நோய் வந்தவங்க நிறைய பேர், பெயர்கள், முகங்கள் எல்லாம் மங்கினதுக்கு அப்புறமும், சின்ன வயசுல கேட்ட பாட்டுக்குத் தலையாட்டுவாங்க, சில பேர் கூடவே பாடுவாங்க. அவங்களைப் பராமரிக்கிற சில இல்லங்கள்ல இளமைக்காலப் பாட்டுகளைத் தேடிப் போடுறதும் உண்டு. ஆனா எந்தப் பாட்டுன்னு அப்போ போய் அவங்களைக் கேக்க முடியாது. கூட இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

நான் எங்க அம்மாகிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கேட்டேன். பன்னிரண்டுல இருந்து இருபத்திரெண்டு வயசுக்குள்ள கேட்டது, ஹிட்டா இல்லையாங்கிற கவலை வேண்டாம்னு சொன்னேன். முதல் பத்து பாட்டு எனக்கும் தெரிஞ்சதுதான். பதினொண்ணாவதுல இருந்துதான் சுவாரசியம். ஒரு பாட்டைச் சொல்லும்போது "இது உங்க பெரியம்மாவுக்குப் பிடிக்காது"ன்னாங்க. ஏன்னு கேட்டா, ஒரே டிரான்சிஸ்டருக்கு ரெண்டு பேரும் போட்ட சண்டைக் கதை வந்துச்சு. இன்னொரு பாட்டுக்குக் காரணமே சொல்லல. "அது இருக்கட்டும், எழுதிக்கோ"ன்னாங்க. நானும் மேல கேக்கல.

லிஸ்ட்ல இப்போ முப்பத்தேழு பாட்டு இருக்கு. அதுல நாலு எந்த ஆப்லயும் கிடைக்கல. அதைத் தேடிட்டு இருக்கேன். உங்க வீட்டு லிஸ்ட்ல அப்படிக் கிடைக்காத பாட்டு ஏதாவது இருந்தா, படத்தோட பேரை மட்டும் கமெண்ட்ல போடுங்க. யார்கிட்டயாவது கேசட் இருக்கும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.