பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மருத்துவர்



லண்டனுக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்க்கத் தவறுவதில்லை. மருத்துவப் பணியில் அக்கறையுள்ள உங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தால், பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்திற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அது 1840-இல் திறக்கப்பட்டது. அந்நாளில் லண்டன் ஆலய வளாகங்களில் அடக்கம் செய்ய இடமில்லை. அங்கிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று பலரும் நம்பினார்கள். ஆகவே 1833 முதல் 1841 வரை, நகரைச் சுற்றிலும் ஏழு பெரிய தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றே பிராம்ப்டன். பரப்பளவு சுமார் 39 ஏக்கர். 2 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கு அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார்கள். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் கல்லறையும் அங்குண்டு.

ஆனால் நாம் தேடிப் போக வேண்டியது டாக்டர் ஜான் ஸ்நோவின் கல்லறை. இவர் யார்க் நகரத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா 600 பேருக்கு மேல் பலிகொண்டது. டாக்டர் ஸ்நோ வீடு வீடாக விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருப் பம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டார். செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

அவ்வட்டாரத்து உதவிக் குருவானவர் ஹென்றி ஒயிட்ஹெட் இதை நம்பவில்லை. தவறென்று காட்டவே அவரும் வீடு வீடாகப் போனார். நோயுற்ற ஒரு பச்சிளங்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர், கிணற்றருகே இருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதை அறிந்தார். குழியைத் தோண்டிப் பார்த்தபோது, அது கிணற்றுக்குள் கசிந்ததற்கு அடையாளம் தெரிந்தது. மறுக்க வந்தவரே சாட்சியானார்.

ஆயினும் மருத்துவ உலகில் பலர் ஏற்கவில்லை. 1858-இல், 45-ஆம் வயதில் ஸ்நோ காலமானார். 1884-இல் நம் கொல்கத்தாவின் குளத்து நீரில் ராபர்ட் காக் காலராக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்றுக்கு அஞ்சிய காலத்தில் உண்டான தோட்டத்தில்தான், தண்ணீரே காரணம் என்று காட்டியவர் இளைப்பாறுகிறார். 1941-இல் குண்டுவீச்சில் அழிந்த அவரது நினைவுக்கல்லைப் பின்னர் மீண்டும் எழுப்பினார்கள்.

காலரா இன்றும் உலகைவிட்டு ஒழியவில்லை. மருந்து கொடுக்கும் கைகள் எவ்வளவு தேவையோ, வாசல்தோறும் போய் விசாரிக்கும் கால்களும் அவ்வளவு தேவை. நீங்கள் தாங்குவது இவ்விரண்டையும்தான்.